கரட்டுக்குப் பின்னால் போட்ட நாற்காலி

போன மாதம் புதிதாக வேலைக்குச் சேர்ந்த உங்களுக்கெல்லாம் பயிற்சி நடந்தபோது, ஓய்வு பெற்றவன் என்ற மரியாதைக்கு என்னையும் கூப்பிட்டு, ஒரு துண்டைப் போர்த்தி, கடைசி வரிசையில் உட்கார வைத்தீர்கள். சுவரில் படம் போட்டுக் காட்டினார்கள். கடலில் ஆழிப்பேரலை வருகிறது. நடுவில் ஒரு தீவு. அலை தீவில் முட்டியதோடு நின்றுவிடாமல், இரண்டு பக்கமும் வளைந்து, பின்னால் போய்ச் சேர்ந்துகொள்கிறது. அப்போது முன்வரிசையில் இருந்த ஒரு தம்பி எழுந்து, "சார், தீவுக்குப் பின்னால இருக்கற ஊரு மறைவாத்தானே இருக்கு? அதை எதுக்குக் காலி பண்ணணும்?" என்று கேட்டார். உங்களில் சிலர் சிரித்தீர்கள். நான் சிரிக்கவில்லை. அந்தத் தம்பியாவது கேள்வியாகக் கேட்டார். நான் அதை நேரே செய்தே காட்டியவன். அதுவும் கடற்கரையில் இல்லை, திண்டுக்கல்லில்.

திண்டுக்கல்லில் மீன்துறைக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்பீர்கள். எண்பதுகளின் தொடக்கத்தில் ஆய்வாளராக அங்கே போய் இறங்கியபோது நானும் அதையேதான் கேட்டேன். குடிக்கவே குடத்தோடு அலைகிற ஊரில் மீன் எங்கே நீந்தும்? சேர்ந்த முதல் வாரம் ஒரு குளத்தின் நீர்மட்டத்தைப் பார்த்து எழுதிவரச் சொன்னார்கள். பஸ்ஸில் போய், இறங்கி, வாடகை சைக்கிள் எடுத்து, நல்ல வெயிலில் மிதித்துப் போனேன். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவரிடம், "ஐயா, குளம் எங்க இருக்கு?" என்று விசாரித்தேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நீங்க நிக்கிறது அதுக்குள்ளதான் சார்" என்றார். சுற்றிலும் கருவேலஞ்செடி. அன்றைக்கு அறிக்கையில் என்ன எழுதினேன் என்பது எனக்கும் அந்த ஆடுகளுக்கும் மட்டும் தெரியும்.

இப்படி இரண்டு வருடம் வானம் பொய்த்தது. மூன்றாம் வருடம் ஐப்பசியில் கொட்டித் தீர்த்தது. எரியோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு குளம் பாதி நிரம்பியது. அந்தக் குளத்து மீனவர் சங்கத்தில் இருபது குடும்பங்கள். இரண்டு வருடமாக வலையைப் பரணில் போட்டுவிட்டுக் கல்லுடைக்கப் போய்க்கொண்டிருந்தவர்கள். தண்ணீரைப் பார்த்ததும் எல்லாரும் என் அலுவலகத்து வாசலுக்கு வந்துவிட்டார்கள். மீன்குஞ்சு வேண்டும். நானும் மேலிடத்தில் தொங்கிக் கெஞ்சி, கட்லாவும் ரோகுவுமாக ஒரு லோடு குஞ்சு வாங்கிவிட்டேன். அனுப்பியவர்கள் தெளிவாகச் சொல்லித்தான் அனுப்பினார்கள்: இந்த வருடத்துக்கு இவ்வளவுதான், இது செத்தால் மறுபடி கேட்டு வராதே. எனக்கு அப்போது வேலை நிரந்தரமாகவில்லை. ஆக, இருபது வீட்டு அடுப்பும் என் வேலையும் அந்தச் சுண்டுவிரல் நீளக் குஞ்சுகளின் தலையில் இருந்தன.

தூரத்திலிருந்து பையில் அடைத்து வந்த குஞ்சைச் சட்டென்று குளத்தில் கொட்டக்கூடாது. கொசுவலைத் துணியில் பெட்டிபோலத் தைத்து, நாலு மூங்கில் நட்டு, தண்ணீருக்குள் கட்டி, அதில் சில நாள் வைத்திருந்து பழக்கிய பிறகுதான் திறந்துவிடுவோம். அந்த வலைப்பெட்டிகளை எங்கே கட்டுவது என்பதுதான் என் பிரச்சினை. வடக்கேயிருந்து வாடைக்காற்று விடாமல் அடித்தது. குளம் முழுக்க அலை. நடுவில் ஒரு கரடு, அதாவது வெறும் பாறைக்குன்று. தண்ணீர் வந்தால் அது தீவாகிவிடும். பரிசலில் போய்ப் பார்த்தேன். கரட்டின் வடபக்கம் அலை சளார் சளார் என்று அடிக்கிறது. தென்பக்கம் போனால் தட்டில் ஊற்றிய எண்ணெய் மாதிரி தண்ணீர் அசையாமல் கிடக்கிறது. நீர்மட்டத்துக்கு மேலே முழங்கால் உயரத்தில் உட்கார வாகாய் ஒரு பாறைமேடை, பக்கவாட்டில் துருத்திய பாறையின் நல்ல நிழல். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். அங்கேயே மூங்கிலை நடச் சொன்னேன்.

பரிசல் தள்ளிவந்தவர் அழகம்மாள். சங்கத்தில் வலை வீசுகிற ஒரே பெண். நாற்பது வயது இருக்கும். மீன் உள்ள காலத்தில் திண்டுக்கல் பேகம்பூரில் கூடை வைத்து விற்பவர். பேரம் பேச வருகிறவர்கள் அவர் வாய்க்குப் பயந்து கேட்ட விலையைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். அவர் மூங்கிலைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஏன் சார், வேற எடமே கெடைக்கலையா? குளத்துக் குப்பை அம்புட்டும் இங்கிட்டுத்தான் வந்து சேரும்."

"அதனாலதாம்மா கட்டுறேன். தண்ணி அசையாத எடத்துலதானே குப்பை தங்கும்?"

அவர் என்னைப் பார்த்தார். குஞ்சுப் பையைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். "படிச்சவுங்க சொல்றீங்க" என்று மூங்கிலை நட்டார். திண்டுக்கல் பக்கம் வேலை பார்க்கப் போகிறவர்கள் ஒன்றை மனதில் வையுங்கள். இந்த வார்த்தையை அங்கே யாராவது சொன்னால் அது பாராட்டு இல்லை.

இன்னொன்றும் அன்று நடந்தது. பாறைமேடைக்கு மேலே, என் தலை உயரத்தில், ஒரு வெடிப்பு. அதில் ஒரு விறகுக்கட்டை இறுகச் செருகிக்கொண்டிருந்தது. பக்கத்தில் காய்ந்த வைக்கோல், ஒரு பனையோலைத் துண்டு. யாரோ ஆட்டுக்காரர் ஆணி மாதிரி அடித்து வைத்திருக்கிறார் என்று நினைத்து, வியர்வை துடைத்த துண்டை அதில் தொங்கவிட்டேன். தீவுப் பாறையில், தலை உயரத்தில், விறகுக்கட்டைக்கு என்ன வேலை என்று எனக்குத் தோன்றவே இல்லை. சாட்சி சொல்ல வந்தவன் தலையிலேயே துண்டைப் போட்டு மூடியவன் நான்.

குஞ்சுகளைத் திறந்துவிட எங்கள் உதவி இயக்குநர் வந்தார். ஏ.டி. என்போம். தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக்காரர். கடலைத் தவிர மற்றதெல்லாம் அவருக்கு வாளித் தண்ணீர். அன்றைக்கு முதல் நாள்தான் பேகம்பூரில் அளவு கொடுத்துத் தைத்த புது ஷூவைப் போட்டிருந்தார். பரிசலைப் பார்த்ததும், "என்னவே இது, சோத்துப் பானையை வெட்டி வச்ச மாரி இருக்கு" என்றார். அவருக்காகப் பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியரின் மெத்தை நாற்காலியை இரவல் வாங்கியிருந்தோம். முதல் பரிசலில் நாற்காலி மாலையோடு தனியாகப் போனது. இரண்டாவது பரிசலில் ஏ.டி. ஷூவை உயர்த்திப் பிடித்தபடி குந்தி உட்கார்ந்து போனார். கரையில் நின்ற சனம் முதல் பரிசலுக்குத்தான் கைதட்டியது.

பாறைமேடையில் நாற்காலியைப் போட்டோம். மேடையில் இடம் போதாது என்று சங்கத்து ஆட்கள் கரட்டின் உச்சியில் ஏறி உட்கார்ந்துகொண்டார்கள். கீழே ஏ.டி., நான், வலைப்பெட்டியின் கயிற்றை அவிழ்க்க அழகம்மாள். ஏ.டி. வெறுங்காலோடு தண்ணீரில் இறங்கிக் குஞ்சுகளைப் பார்த்து, திருப்தியாகத் தலையாட்டிவிட்டு, மேலே வந்து ஷூ மாட்ட உட்கார்ந்தார். பேச்சு முடிந்துதான் திறப்பு. நான் பேச்சுத் தாளை எடுத்தேன்.

கரையில் சைக்கிளைப் போட்டுவிட்டு ஒருவர் வேட்டி அவிழ ஓடிவந்து கத்தினார். காற்றில் பாதிதான் கேட்டது. அழகம்மாளுக்கு முழுசாகக் கேட்டுவிட்டது.

"மேல்குளம் ஒடப்பெடுத்துருச்சாம் சார்!"

வடக்கே ஒரு மைலில் எங்கள் குளத்துக்குத் தண்ணீர் தருகிற பெரிய குளம். அதன் கரை உடைந்து, மொத்தத் தண்ணீரும் வாய்க்காலை நிரப்பிக்கொண்டு எங்களைப் பார்த்து வருகிறது. பரிசலில் திரும்பிப் போக நேரமில்லை. வெற்றிலை மடித்து வாயில் போடுகிற நேரம்தான் இருந்தது. இந்த மாதிரி நேரத்தில் மூளை என்ன செய்யும் தெரியுமா? ஏற்கெனவே எடுத்த முடிவுக்கு வக்கீலாக வந்து நின்றுகொள்ளும். தண்ணீர் வடக்கேயிருந்து வருகிறது. நாங்கள் தெற்கே, இத்தனை பெரிய பாறைக்குப் பின்னால். நான் உச்சியைப் பார்த்துக் கூவினேன்.

"யாரும் மேல நிக்காதீங்க! அங்கதான் நேரா வந்து அடிக்கும். எறங்கி இங்க வாங்க, கரடு மறைச்சுக்கும்!"

இரண்டு பேர் இறங்கத் தொடங்கினார்கள். அதற்குள் அழகம்மாள் பாதிப் பாறை ஏறிவிட்டார். "ஏலே! எவனாச்சும் எறங்குனீங்க, காலை ஒடிச்சிருவேன்! அங்கனயே நில்லுங்க!" அவர்கள் அரசாங்கத்தின் பேச்சைக் கேட்கவில்லை. அழகம்மாள் பேச்சைக் கேட்டார்கள். அதனால்தான் இந்தக் கதையை நான் சிரித்துக்கொண்டு எழுத முடிகிறது. பிறகு அவர் கீழே பார்த்து, "ரெண்டு பேரும் மேல ஏறி வாங்க சார், செத்த நேரம்தான் இருக்கு!" என்று கையை நீட்டினார்.

ஏ.டி. ஒரு காலில் ஷூ மாட்டி, நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தார். மற்ற ஷூ பாறைமேல் இருந்தது. என்னைப் பார்த்தார். எது சரி என்று கேட்கிற பார்வை. நான் சொன்னேன்: "சார், நீங்க உக்காருங்க. இருக்கறதுலயே பத்திரமான எடம் இதுதான்." என் சர்வீஸில் தப்புத் தப்பாக எத்தனையோ எழுதியிருக்கிறேன். அவ்வளவு தெம்பாக ஒரு தப்பைச் சொன்னது அந்த ஒருமுறைதான்.

வடபக்கம் தொம் என்று ஒரு சத்தம். பிறகு உச்சியிலிருந்து ஒரு குரல்: "அம்புட்டுத்தான் சார்! முட்டிட்டுப் போயிருச்சு, எங்க கால்கூட நனையல!" எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. ஏ.டி.யைத் திரும்பிப் பார்த்து, "நான் சொல்லல சார்?" என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. எனக்கு இடதுபக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். முகம் வெளுத்திருந்தது. நான் வலதுபக்கம் பார்த்தேன். கரட்டின் ஓரத்தைத் தடவியபடி, முழங்கால் உயரத்துக்கு ஒரு அலை வளைந்து வந்துகொண்டிருந்தது. அவர் பார்த்த பக்கமும் அதே மாதிரி ஒன்று. இரண்டும் பாறையை விட்டு விலகாமல் சுற்றிக்கொண்டு, எங்களை நடுவில் வைத்து, நேருக்கு நேர் வந்தன. ஒவ்வொன்றும் முழங்கால் உயரம்தான். சந்தித்துக்கொண்டபோது இரண்டும் சேர்ந்து எழுந்து மேடைக்கு மேலே ஆள் உயரத்துக்கு நின்றன. "எய்யா!" என்று ஏ.டி. கத்தியது மட்டும் கேட்டது.

எனக்கு விவரம் தெரிந்தபோது ஒரு பாறை வெடிப்பின் விளிம்பை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தேன். பேச்சுத் தாள் வாயில் இருந்தது. எப்படிப் போனது என்று இன்றுவரை தெரியாது. நாற்காலி மாலையோடு, உபரித் தண்ணீர் வழியும் கலிங்கைப் பார்த்து மிதந்து போய்க்கொண்டிருந்தது. ஏ.டி. மேடைக்கு மேலே இன்னொரு பாறையில், யாரோ தூக்கி வைத்த மாதிரி, சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். தலையில் கிழிந்த வலைப்பெட்டி முக்காடு. அதற்குள் ஏழெட்டுக் குஞ்சுகள் துள்ளிக்கொண்டிருந்தன.

உச்சியிலிருந்து சனம் இறங்கி அவரைத் தூக்கப் போனது. அழகம்மாள் ஒரு அதட்டல் போட்டார். "அவரை விடுங்கலே! சார் மூச்சு விடுறாரு. குஞ்சப் பாருங்க, பாறையில கெடந்தாச் செத்துரும்!"

அப்போதுதான் பார்த்தேன். மூங்கில்கள் இல்லை. பெட்டிகள் எல்லாம் கிழிந்து கிடந்தன. தண்ணீரில் போன குஞ்சு போக, மீதி பாறை முழுக்க, குழியிலும் வெடிப்பிலும், வெள்ளிக்காசு இறைத்த மாதிரி துடித்துக்கொண்டிருந்தது. இருபது வீட்டுக்காரர்களும் விழுந்து அள்ளினார்கள். தலைப்பாகையில் அள்ளினார்கள், முந்தானையில் அள்ளினார்கள். நான் சட்டையைக் கழற்றி அள்ளினேன். அழுதேன் என்றே சொல்லலாம். பக்கத்தில் யாரோ சப் சப் என்று தண்ணீர் மொள்ளுகிற சத்தம் கேட்டுத் திரும்பினேன். ஏ.டி. மண்டியிட்டு, காலில் மிஞ்சியிருந்த அந்த ஒற்றைப் புது ஷூவைக் கழற்றி, அதில் தண்ணீரும் குஞ்சுமாக மொண்டு மொண்டு குளத்தில் விட்டுக்கொண்டிருந்தார். "பாத்து நிக்காதயும்வே, மொள்ளும்!" என்றார். எங்கள் மாவட்டத்தில் ஒரு உதவி இயக்குநர் உண்மையாகவே தன் கையால் மீன்குஞ்சு விட்டது அன்றைக்குத்தான்.

எங்கள் குளத்துக் கரை தாங்கியது. குளம் நிரம்பியது. யாருக்கும் சிராய்ப்புக்கு மேல் ஒன்றும் இல்லை. கரைக்கு வந்து, சுள்ளி மூட்டிக் குளிர் காய்ந்துகொண்டு, ஒரு லோட்டாவில் டீயை மாற்றி மாற்றிக் குடித்தோம். ஏ.டி. நெருப்பைப் பார்த்தபடி பேசினார்.

"எங்கூர்ல கடலுக்குள்ள நீட்டிக்கிட்டு ஒரு முனை உண்டும். அலை நேரா அடிக்கிற பக்கம் வீடு கட்டுதவன் எப்பவும் முழிச்சிருப்பான். முனைக்குப் பின்னால கட்டுதவன்தான் நிம்மதியாத் தூங்குவான். பெரிய அலை வந்தா மொதல்ல போறது அவன் வீடுதான். ஆழத்துல அலை வேகமா ஓடும், கரைப்பக்கம் தரை தட்டி மெதுவாப் போவும். அதனால அலை அப்படியே நெலத்தைப் பாத்து வளைஞ்சிரும்."

"களத்துல மாடு பூட்டி நெல்லுச் சூடு மிதிக்கிறாப்புலன்னு சொல்லுங்க சார்" என்றார் அழகம்மாள். "உள்மாடு பைய நடக்கும், வெளிமாடு ஓடும். வரிசை வளையத்தான செய்யும்?"

ஏ.டி. டீயைக் கீழே வைத்தார். "இதத்தான் எங்களுக்குக் காலேஜ்ல ஒரு வருசம் முழுக்க நடத்துனானுவ" என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "இவ்வளவும் தெரிஞ்சிருந்தும் ஏன் சார் அங்க உக்காந்தீங்க?"

ஒரு சுள்ளியை எடுத்து நெருப்பில் தள்ளினார். "குளந்தானேன்னு நெனச்சிட்டேன்வே. அதோட, நெழலு நல்லா இருந்துச்சு."

எங்கள் மூன்று பேரையும் எண்ணிப் பாருங்கள். அவருக்குக் கடல் தெரியும், குளத்தை மதிக்கவில்லை. அழகம்மாளுக்குக் குளம் தெரியும், அவரை நான் மதிக்கவில்லை. எனக்கு ஒன்றும் தெரியாது. இடத்தைத் தேர்ந்தெடுத்தது மட்டும் நான்.

அறிக்கையில் அதை மறைக்காமல்தான் எழுதினேன். மறுநாள் ஏ.டி. மேசையில் வைத்துவிட்டு, வேலை போனால் ஊரில் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டு நின்றேன். அவர் 'இடம் ஆய்வாளரால் தேர்வு செய்யப்பட்டது' என்ற வரியில் 'ஆய்வாளரால்' என்பதை அடித்து 'என்னால்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "உமக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். தெரிஞ்சவன்தான்வே கையெழுத்துப் போடணும். போயி வேலையப் பாரும்" என்றார். அவருக்குப் பதவி உயர்வு தள்ளிப்போனது என்று பின்னால்தான் கேள்விப்பட்டேன். 

ஆனால் குஞ்சு பிழைத்ததா? அதற்கு யார் கையெழுத்துப் போடுவது? நிரம்பிய குளத்தில் ஒன்றும் தெரியாது. தை போனது, மாசி போனது. பேகம்பூர்ப் பக்கம் அழகம்மாளைப் பார்க்கும்போதெல்லாம் அவர் கேட்பதற்கு முன்னால் நான் சந்தில் திரும்பிவிடுவேன். அவரும் விடமாட்டார். சந்துக்கு அந்த முனையில் வந்து நின்று, "ஒண்ணுகூடக் கண்ணுல படலையே சார்" என்பார்.

நடுவில் ஒன்று சொல்லிவிடுகிறேன். பல வருடம் கழித்து ஆழிப்பேரலை வந்து போன பிறகு, இழப்பைப் பார்த்து எழுத என்னை ஒரு கடலோர ஊருக்கு அனுப்பினார்கள். அலை வந்த திசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, நிலத்தின் மறைவில் இருந்த ஊர். "அந்தப் பக்கந்தான் அடிக்கும், நமக்கு முன்னால இம்புட்டு நெலம் இருக்கேன்னு இருந்துட்டோம் சார்" என்று ஒரு பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். அங்கே எச்சரித்துக் கூச்சல் போட ஒரு அழகம்மாள் இல்லை. நான் அன்றைக்குச் சொன்ன அதே வாக்கியம்தான். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பங்குனியில் தண்ணீர் வடிந்தது. அழகம்மாள் ஆள் அனுப்பினார். சைக்கிளை மிதித்துப் போய்ச் சேர்ந்தபோது, கரட்டின் தென்பக்கம் சனம் கூடியிருந்தது. இரண்டு அலையும் மோதிய இடத்தில் தரை ஆழமாகக் குழி விழுந்திருந்தது. குளம் வற்ற வற்ற, மீனெல்லாம் அந்தக் குழிக்கு வந்து சேர்ந்திருந்தது. அழகம்மாள் வலையை வீசி இழுத்தார். தனியாக இழுக்க முடியாமல் மூன்று பேரைக் கூப்பிட்டார். முழங்கை நீளக் கட்லாக்கள். இருபது வீட்டுப் பிள்ளைகளும் கத்திய கத்தலில் கரட்டிலிருந்த காக்காயெல்லாம் பறந்தன. நான் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

கொஞ்சம் ஆசுவாசமானதும் பாறைமேடையில் ஏறிப் பார்த்தேன். என்றோ ஒரு அலை கொண்டுவந்து செருகிய அந்தப் பழைய விறகுக்கட்டை இந்த அலையோடு போயிருந்தது. அதே வெடிப்பில், அதே தலை உயரத்தில், ஏ.டி.யின் இன்னொரு ஷூ, முனை உள்ளே போய் இறுகச் செருகிக்கொண்டு நின்றது. வெயிலில் விறைத்திருந்தாலும் தையல் பிரியவில்லை. கழுவித் துடைத்து அவரிடம் சேர்த்துவிடலாம் என்று எக்கிப் பிடித்து இழுத்தேன்.

கீழே வலையிலிருந்து நிமிராமலே அழகம்மாள் குரல் கொடுத்தார்.

"அதை எடுக்காதீங்க சார். அங்கனயே இருக்கட்டும். அடுத்து வார சாருக்கு வேணும்."